கட்டளை வரி விருப்பங்களைப் பிரிக்கும் நூலகம்: அடுத்த பெரிய பதிப்பில் எதை மாற்ற வேண்டும்?

தொடரியல்

கட்டளை வரியில் தட்டும் '--வெர்போஸ்' போன்ற விருப்பங்களைப் பிரித்தறிய நாங்கள் பராமரித்து வரும் பைத்தான் நூலகத்தின் அடுத்த பெரிய பதிப்புக்கான வேலை தொடங்கிவிட்டது. பெரிய பதிப்பு என்பதால் பழைய நடத்தைகள் சிலவற்றைக் கைவிட உரிமை உண்டு. அந்த உரிமையை எங்கே பயன்படுத்துவது என்பதை, இந்த விவாத இழையில் கருவிகளை எழுதுபவர்களிடமும் அவற்றை ஸ்கிரிப்டுகளுக்குள் வைத்து ஓட்டுபவர்களிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்ய விரும்புகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட நூலகம் ஊகம் செய்யக் கூடாது. ஒரு கட்டளை வரிக்கு இன்று ஒரு பொருள் இருந்து, நாளை கருவியில் புதிய விருப்பம் ஒன்று சேர்ந்ததும் அதே வரிக்கு வேறு பொருள் வந்துவிடக் கூடாது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் முதலில் நீக்க வேண்டியது, இரட்டைக் கோட்டில் தொடங்கும் நெடு விருப்பங்களைப் பாதி எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும் வசதி. '--வெர்போஸ்' என்பதற்கு '--வெர்ப்' போதும் என்று இப்போது அனுமதிக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் முன்மொழிவு.

இரண்டாவது, பிழை வந்ததும் நூலகமே நிரலை முடித்துவிடுவது. மூன்றாவது, ஒரு மதிப்பு கட்டளை வரியிலிருந்து வந்ததா, சூழல் மாறியிலிருந்து (நிரல்களுக்காக இயக்குதளத்தில் முன்பே அமைத்துவைக்கும் மதிப்பு) வந்ததா, எதுவும் தராதபோது எடுக்கும் இயல்பு மதிப்பா என்று கருவி எழுதுபவர் கேட்டால் எங்களிடம் பதில் இல்லாதது. உதவிப் பக்கம், டேப் விசையால் நிரப்புவது ஆகியவற்றிலும் குறைகள் உண்டு. எதிலிருந்து வேண்டுமானாலும் தொடங்குங்கள்.

பழையமுனையம்

சுருக்கி எழுதுவதை எடுப்பதற்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். எங்கிருந்து வந்த வழக்கம் இது என்பதைப் பாருங்கள். யூனிக்ஸ் உலகில் விருப்பங்கள் ஓரெழுத்தாகத்தான் தொடங்கின. ஏடி அண்ட் டி நிறுவனம் 1985ஆம் ஆண்டு டல்லஸில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் விருப்பங்களைப் பிரிக்கும் கெட்ஆப்ட் என்ற செயற்கூறின் மூலநிரலைப் பொதுவுடைமையாக வெளியிட்ட பிறகு, ஒவ்வொரு கருவியும் தன் போக்கில் விருப்பங்களைப் பிரித்துக்கொண்டிருந்த நிலை மெல்ல மாறியது. நெடு விருப்பங்களைப் பரப்பியவர்கள் க்னூ திட்டத்தினர். பெயர் நீளமானதும், கையால் தட்டுபவருக்கு ஏற்படும் சுமையைக் குறைக்கவே அவர்களுடைய கெட்ஆப்ட்_லாங் தனித்து அடையாளம் காணக்கூடிய முன்பகுதி எதையும் ஏற்றுக்கொண்டது. நிரல் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் கருவியும் அவ்வாறே ஏற்கிறது.

டேப் விசை இருக்கிறதே என்பீர்கள். தொடர் இணைப்பில் நுழைந்த சர்வரிலோ, குறைந்தபட்ச ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) மட்டும் உள்ள மீட்புச் சூழலிலோ தானாக நிரப்பும் வசதி கிடைக்காது. அங்கே உட்கார்ந்திருப்பவர்தான் அவசரத்தில் இருப்பவர். அவருக்கு உதவும் ஒன்றை, ஒழுங்கின் பெயரால் பறிக்க வேண்டாம்.

கருவிப்பெட்டி

பழையமுனையம் சொல்லும் வரலாற்றை ஏற்கிறேன். அவருடைய முடிவை ஏற்க முடியவில்லை. முனையத்தில் உட்கார்ந்து தட்டுபவர் பிழை வந்தால் திருத்தித் தட்டிவிடுவார். ஸ்கிரிப்டுக்குள் எழுதப்பட்ட வரிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

முதலில் எளிய நிலை. கருவியில் '--வெர்ஷன்' மட்டும் இருக்கிறது. யாரோ '--வெர்' என்று ஸ்கிரிப்டில் எழுதிவிட்டார், வேலை செய்கிறது. அடுத்த பதிப்பில் '--வெர்போஸ்' சேர்கிறது. இப்போது '--வெர்' இரண்டுக்கும் பொருந்துவதால் கருவி பிழை சொல்லி நின்றுவிடும். கருவியை எழுதியவர் எதையும் நீக்கவில்லை, ஒன்றைச் சேர்த்தார், அவ்வளவுதான். ஆனாலும் யாருடைய ஸ்கிரிப்டோ முறிந்துவிட்டது. சிறிய பதிப்பில் புதிய விருப்பம் சேர்ப்பது பாதுகாப்பானது என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். சுருக்கி எழுதும் வசதி அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குகிறது.

இன்னொரு நிலை இதைவிடக் கடுமையானது, அதைப் பலர் கவனிப்பதில்லை. கருவியில் '--அவுட்புட்' இருக்கிறது; ஒருவர் '--அவுட்' என்று எழுதி வைத்திருக்கிறார். பிறகு '--அவுட்' என்ற பெயரிலேயே வேறு வேலை செய்யும் ஒரு விருப்பம் சேர்கிறது. முழுப் பெயர் அப்படியே பொருந்தினால் அதற்குத்தான் முன்னுரிமை என்பதால் பிழையே வராது. பழைய ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் புதிய வேலையைச் செய்யத் தொடங்கிவிடும். பிழை வந்தால் யாராவது பார்ப்பார்கள். பிழை வராமல் பொருள் மாறினால், தரவு கெட்டுப்போன பிறகுதான் பார்ப்பார்கள்.

பாதுகாப்புக் கோணமும் உண்டு. சில இடங்களில் ஒரு கருவியை நேரடியாக ஓட்ட விடாமல், ஆபத்தான விருப்பங்களை வடிகட்டும் உறை ஸ்கிரிப்ட் ஒன்றை நடுவில் வைப்பார்கள். அது '--எக்ஸெக்' என்ற எழுத்துகளை அப்படியே தேடித் தடுக்கும். '--எக்ஸெ' என்று தந்தால் உறை அதைத் தெரியாத சொல் என்று கடத்திவிடும். உள்ளே இருக்கும் கருவி அதை முழு விருப்பமாக எடுத்துக்கொள்ளும்.

தொடரியல்

சத்தமில்லாமல் பொருள் மாறும் நிலைதான் என் முடிவுக்கும் காரணம். பைத்தானிலேயே நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன். பைத்தானோடு சேர்ந்தே வரும் விருப்பம் பிரிக்கும் நூலகமான ஆர்க்பார்ஸில் சுருக்கத்தை அணைக்கும் அளபுரு பைத்தான் 3.5 பதிப்பில் வந்தது. ஆனால் 3.8க்கு முன்பு அதை அணைத்தால் '-விவி' என்று ஓரெழுத்து விருப்பங்களை ஒன்றாக ஒட்டி எழுதுவதும் சேர்ந்து நின்றுபோனது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வசதிகள் உள்ளே ஒரே பாதையில் சிக்கிக்கிடந்தன. எங்கள் நூலகத்திலும் ஏறக்குறைய அதே பின்னல் இருக்கிறது. முன்பகுதியைப் பொருத்திப் பார்க்கும் பகுதியை எடுத்தால் உள்ளிருக்கும் நிரல் மிகவும் தெளிவாகிவிடும்.

பழையமுனையத்தின் கவலைக்கு ஒரு வழி சொல்கிறேன். '--வெர்ப்' வந்தால் அதை இயக்கக் கூடாது. ஆனால் பிழைச் செய்தியில் முழுப் பெயரைச் சொல்லலாம்: "'--வெர்ப்' என்ற விருப்பம் இல்லை, '--வெர்போஸ்' என்பதைக் குறிப்பிட்டீர்களா?" பரிந்துரைப்பது வேறு, பரிந்துரையைத் தானே நிறைவேற்றுவது வேறு. கிட்டில் கட்டளைப் பெயரைத் தவறாகத் தட்டினால் இயல்பாக அது நெருக்கமான பெயர்களைக் காட்டிவிட்டு நிற்கிறது. தானாகத் திருத்தி ஓட்ட வேண்டுமென்றால் பயனர் அதற்கான அமைவைத் தாமே இயக்க வேண்டும். பைத்தான் 3.14இல் ஆர்க்பார்ஸும் தெரிவு மதிப்புகளுக்கும் துணைக்கட்டளைப் பெயர்களுக்கும் பரிந்துரை சொல்லும் வசதியைப் பெற்றிருக்கிறது. அங்கும் பரிந்துரையோடு நிற்கிறதே தவிர, தானே எடுத்து ஓட்டுவதில்லை.

சோதனைக்களம்

சுருக்கத்தைப் பற்றிய விவாதம் தொடரட்டும். எனக்கு இரண்டாவது விஷயம்தான் முதன்மையானது.

ஒரு நூலகத்துக்கு என் நிரலை முடித்துவைக்கும் அதிகாரம் ஏன்? கருவியை முனையத்திலிருந்து மட்டும்தான் ஓட்டுவார்கள் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட நடத்தை அது. சோதனைகளுக்குள்ளிருந்து, உரைத்தொகுப்பியின் செருகுநிரலிலிருந்து, நீண்ட நேரம் ஓடும் சேவையின் உள்ளே வரும் கட்டளைப் பெட்டியிலிருந்து என்று பல இடங்களில் விருப்பங்களைப் பிரிக்கும் ஒரே பாகுபடுத்தியைப் பயன்படுத்துகிறோம். அங்கெல்லாம் ஒருவர் விருப்பத்தைத் தவறாகத் தட்டினால் முழுச் சேவையும் விழுந்துவிடும்.

பைத்தானில் இது இன்னும் வழுக்கலானது. வெளியேறுவதற்காக எழுப்பப்படும் 'சிஸ்டம்எக்ஸிட்' வழக்கமான 'எக்ஸெப்ஷன்' வகுப்பின் கீழ் வருவதில்லை, அதற்கும் மேலுள்ள அடிப்படை வகுப்பின் கீழ் வருகிறது. எனவே பொதுவாகப் பிழைகளைப் பிடிக்க எழுதிய பகுதி இதைப் பிடிக்காது. ஆர்க்பார்ஸில் 3.9 பதிப்பு முதல் 'பிழையில் வெளியேறாதே' என்று சொல்லும் அளபுரு உண்டு. அறிமுகமானபோது எல்லாப் பிழைகளுக்கும் அது செல்லுபடியாகவில்லை. தெரியாத விருப்பம் வந்தால் நிரல் அப்போதும் வெளியேறியது. வெளியேறுவதை அடித்தளமாக வைத்துக் கட்டிவிட்டு, பிறகு அதற்கு மேல் ஒரு நிலைமாற்றியைப் பொருத்தினால் இப்படித்தான் ஓட்டைகள் மிஞ்சும்.

ரஸ்ட் மொழியின் கிளாப் நூலகத்தில் இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று பிழை வந்தால் செய்தி காட்டி வெளியேறும். 'டிரை' என்று தொடங்கும் மற்றொன்று வெற்றியையோ பிழையையோ மதிப்பாகத் திருப்பித் தரும். முதல் வாயில் இரண்டாவதை அழைக்கும் மெல்லிய உறைதான். நம் அடித்தளமும் அப்படி மதிப்பைத் திருப்பித் தருவதாக இருக்க வேண்டும். வெளியேறுவது மேலே போர்த்திய வசதியாக மட்டும் இருக்கட்டும். உதவி கேட்பதையும் பதிப்பு எண் கேட்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். அவை பிழைகள் அல்ல. ஆனால் இன்று அவையும் நிரலை முடித்துவிடுகின்றன.

தொடரியல்

முழுமையாக ஏற்கிறேன். பிரித்தலின் விளைவு நான்கில் ஒன்றாக இருக்கும்: மதிப்புகள், பிழை, உதவி வேண்டுகோள், பதிப்பு வேண்டுகோள். நிரல் முடியும்போது திருப்பித் தரும் எண்களான வெளியேறு குறியீடுகளை உறை முடிவு செய்யும். உதவி கேட்டுப் பெற்றால் இயல்பு வெளியீட்டில் எழுதி 0. பயன்பாட்டுப் பிழை என்றால் பிழை வெளியீட்டில் எழுதி 2. '--ஹெல்ப்' இயல்பு வெளியீட்டில் எழுதி வெற்றியோடு முடிய வேண்டும் என்பது க்னூ நெறிமுறையிலும் இருக்கிறது. உதவியைப் பக்கம் பக்கமாகப் பார்க்கவோ அதற்குள் தேடவோ குழாய் வழியே இன்னொரு நிரலுக்கு அனுப்புபவர்களுக்கு அதுதான் வேண்டும்.

ஒரு சந்தேகம். முதல் பிழையிலேயே நிற்பதா, எல்லாப் பிழைகளையும் திரட்டித் தருவதா?

சோதனைக்களம்

ஒன்றையொன்று சாராத பிழைகளைத் திரட்டலாம். கட்டாய விருப்பங்கள் மூன்று விடுபட்டிருந்தால் மூன்றையும் ஒரே செய்தியில் சொல்லுங்கள். ஆனால் தெரியாத விருப்பம் வந்த இடத்தோடு நின்றுவிடுங்கள். அது மதிப்பு ஏற்பதா இல்லையா என்பது தெரியாததால், அடுத்த சொல் அதன் மதிப்பா தனிக் கோப்புப் பெயரா என்பதும் தெரியாது. அதற்குப் பின் வரும் பிழைச் செய்திகள் எல்லாம் பயனரைத் திசைதிருப்பும்.

புதுவரி

இந்தத் துறையில் புதியவன். ஒரு கேள்வி கேட்கலாமா? ஒரு விருப்பத்துக்கு '-எக்ஸ்' என்று கோட்டில் தொடங்கும் மதிப்பைத் தர வேண்டியிருந்தது. '--பேட்டர்ன் -எக்ஸ்' என்று தந்தால் "ஒரு மதிப்பு எதிர்பார்க்கப்படுகிறது" என்று ஆர்க்பார்ஸ் மறுக்கிறது. அதே வடிவத்தை சி மொழியில் எழுதிய கருவி ஏற்கிறது. எது சரியான நடத்தை?

பழையமுனையம்

நல்ல கேள்வி. கெட்ஆப்ட் வழியில், விருப்பத்துக்கு மதிப்பு கட்டாயம் என்று அறிவித்திருந்தால் அடுத்த சொல் எதுவாக இருந்தாலும் அதுவே மதிப்பு. விருப்பங்கள் முடிந்தன என்று குறிக்கும் இரட்டைக் கோடு ('--') மட்டும் வந்தாலும் அது மதிப்பாகிவிடும். ஆர்க்பார்ஸ் முதலில் எல்லாச் சொற்களையும் பார்த்து 'விருப்பம் போன்றவை', 'மற்றவை' என்று வகை பிரித்துக்கொள்கிறது. பிறகே மதிப்புகளைச் சேர்க்கிறது. அதனால் கோட்டில் தொடங்கும் சொல் மதிப்பாகக் கணக்கில் வராது. '--பேட்டர்ன்=-எக்ஸ்' என்று சமக்குறியிட்டு எழுதினால் இரண்டிலும் வேலை செய்யும்.

என் பார்வையில் கெட்ஆப்ட் வழிதான் தூய்மையானது. மதிப்பு வேண்டும் என்று அறிவித்தாயிற்று; அடுத்த சொல்தான் மதிப்பு. அந்தச் சொல்லின் தோற்றத்தைப் பார்த்து முடிவு மாறக் கூடாது.

கருவிப்பெட்டி

தூய்மையானது என்பது சரி. ஆனால் ஸ்கிரிப்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். '--அவுட்புட் $கோப்பு --ஃபோர்ஸ்' என்ற வரியில் மேற்கோள் குறி போடவில்லை; மாறி காலியாக இருக்கிறது. ஷெல் அந்தச் சொல்லையே நீக்கிவிட்டு மற்றவற்றை அனுப்பும். கெட்ஆப்ட் வழியில் '--ஃபோர்ஸ்' என்ற பெயரில் ஒரு கோப்பு உருவாகும். ஃபோர்ஸ் விருப்பமும் இயங்காது, பிழையும் வராது. பிறகு அந்தக் கோப்பை அழிக்கப் போனால், பெயர் கோட்டில் தொடங்குவதால் இரட்டைக் கோடு போட்டு அழிக்க வேண்டும் என்பதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

தொடரியல்

நடுவில் ஒரு வழி உண்டு என்று நினைக்கிறேன். அடுத்த சொல் நமக்குத் தெரிந்த விருப்பங்களில் ஒன்றாக இருந்தால் பிழை சொல்வோம். தெரியாததாக இருந்தால் மதிப்பாக எடுத்துக்கொள்வோம். புதுவரியின் '-எக்ஸ்' ஏற்கப்படும், கருவிப்பெட்டியின் '--ஃபோர்ஸ்' தடுக்கப்படும்.

பழையமுனையம்

தொடரியல், இழையின் தொடக்கத்தில் நீங்களே வைத்த அளவுகோலால் இதை அளந்து பாருங்கள். இன்று '-எக்ஸ்' என்ற விருப்பம் கருவியில் இல்லை. அதனால் அது மதிப்பு. நாளை '-எக்ஸ்' சேர்கிறது. அதே வரி பிழையாகிறது. சுருக்கத்தை நீக்க எந்தக் காரணத்தைச் சொன்னீர்களோ, அதே காரணம் இங்கும் பொருந்துகிறது. ஆர்க்பார்ஸில் எதிர்மறை எண்களின் கதையும் இதுதான். '-5' என்பது மதிப்பாக ஏற்கப்படும். ஆனால் கருவியில் '-1' போன்ற எண் வடிவ விருப்பம் ஒன்றை அறிவித்துவிட்டால் '-5' விருப்பமாகப் பார்க்கப்படும். எங்கோ ஒரு மூலையில் சேர்த்த அறிவிப்பு, தொடர்பில்லாத இன்னொரு விருப்பத்தின் நடத்தையை மாற்றுகிறது.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: எப்போதும் ஏற்பது, அல்லது எப்போதும் மறுப்பது.

சோதனைக்களம்

எப்போதும் மறுப்பதே இயல்பாக இருக்கட்டும். கோட்டில் தொடங்கும் மதிப்பு வேண்டுமென்றால் சமக்குறி. எண் வகை என்று அறிவித்த விருப்பத்துக்கு மட்டும் எதிர்மறை எண் வடிவம் ஏற்கப்படும், மற்ற விருப்பங்களில் என்ன இருந்தாலும் சரி. தேடல் வடிவங்கள், வேறு நிரலுக்குக் கடத்த வேண்டிய விருப்பங்கள் போன்றவற்றுக்குக் கருவி எழுதுபவரே 'கோட்டில் தொடங்கும் மதிப்பையும் ஏற்றுக்கொள்' என்று அந்த ஒரு விருப்பத்தில் அறிவித்துக்கொள்ளலாம். கிளாப்பிலும் இப்படி ஓர் அறிவிப்பு உண்டு. ஒரு விருப்பத்தின் நடத்தை அதன் சொந்த அறிவிப்பை மட்டுமே சார்ந்திருக்கும். அதைச் சோதிக்கவும் எளிது.

தொடரியல்

பழையமுனையத்தின் வாதம் சரியானது. என் நடுவழியைத் திரும்பப் பெறுகிறேன். சோதனைக்களம் சொன்ன வடிவத்தையே எழுதுகிறோம். மதிப்பு விடுபட்ட பிழையில் "கோட்டில் தொடங்கும் மதிப்பு என்றால் '--பேட்டர்ன்=-எக்ஸ்' என்று எழுதவும்" என்ற குறிப்பும் வரும். புதுவரி போன்றவர்கள் விடையைத் தேடி வேறெங்கும் போக வேண்டியிருக்காது.

பழையமுனையம்

இதோடு சேர்த்து இன்னொன்று. கோப்புப் பெயர் போன்ற, விருப்பம் அல்லாத வெறும் சொற்களுக்குப் பிறகும் விருப்பங்களைத் தேடுவதை ஒவ்வொரு கருவிக்கும் நிறுத்திவைக்க வழி தாருங்கள். க்னூ கெட்ஆப்ட் சொற்களின் வரிசையை மாற்றியமைத்து, கோப்புப் பெயருக்குப் பின்னால் வரும் விருப்பத்தையும் பிடித்துவிடும். 'போசிக்ஸ்லி_கரெக்ட்' என்ற சூழல் மாறி இருந்தால் அப்படிச் செய்யாது. கோ மொழியின் ஃபிளாக் தொகுப்பு முதல் வெறும் சொல்லிலேயே நின்றுவிடுகிறது. வேறொரு கட்டளையை வாங்கி ஓட்டும் கருவிகளுக்கு அப்படி நிற்பது இன்றியமையாதது. இல்லையென்றால் உள்கட்டளைக்கான விருப்பத்தை வெளிக்கருவி விழுங்கிவிடும். சூழல் மாறியால் மாறாமல், கருவியின் அறிவிப்பால் மாறட்டும்.

நெய்தல்

உதவிப் பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. உதவி உரைகளை இந்திய மொழிகளில் தரும் வேலையில் இருக்கிறேன்; இந்த நூலகம் அங்கே எப்படி நடந்துகொள்கிறது என்று சொல்கிறேன்.

இப்போது விருப்பப் பெயர்கள் இடது பத்தியிலும் விளக்கங்கள் வலது பத்தியிலும் வருகின்றன. பத்தியின் அகலத்தைச் சரத்தின் நீளத்தைக் கொண்டு கணக்கிடுகிறீர்கள். ஆர்க்பார்ஸும் அதையே செய்கிறது. ஆங்கிலத்துக்கு அது சரிப்பட்டு வரும். 'நிரல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பவருக்கு 3 எழுத்துகள். யூனிகோடில் 5 குறியெண்கள். யூடிஎஃப்-8இல் 15 பைட்டுகள். மதிப்பின் இடத்தைக் குறிக்கும் சொல்லைத் தமிழில் வைத்தால் வலது பத்தி ஒவ்வொரு வரியிலும் ஒவ்வோர் இடத்தில் தொடங்கும். மடிக்கும்போது வரி பாதியிலேயே முறியும்.

குறியெண்களுக்குப் பதிலாகக் காட்சி அகலத்தைக் கணக்கிடலாமே என்று கேட்பீர்கள். அதற்கான நூலகங்கள் உண்டு. ஆனால் உயிர்க்குறிகள், புள்ளி ஆகியவற்றில் சிலவற்றை யூனிகோடு இடம்பிடிப்பவை என்றும் சிலவற்றை இடம்பிடிக்காதவை என்றும் வகைப்படுத்துகிறது. கால் குறி முதல் வகை. புள்ளி இரண்டாம் வகை. முனையங்களும் எழுத்துருக்களும் இவற்றை ஒரே மாதிரி வரைவதில்லை. எந்தக் கணக்கைப் போட்டாலும் ஏதோ ஒரு முனையத்தில் தவறும்.

எனவே என் முன்மொழிவு, பத்திகளையே கைவிடுவது. விருப்பப் பெயர் ஒரு வரியில். விளக்கம் அடுத்த வரியில், நான்கு இடைவெளி உள்தள்ளி. பெயர் மிக நீளமாக இருக்கும்போது இப்போதே நீங்கள் செய்வதுதான் இது. அதை எல்லா விருப்பங்களுக்கும் செய்யுங்கள். அகலமே தெரிய வேண்டாம் என்பதால் தவறுவதற்கு இடமில்லை. குறுகிய முனையங்களிலும் படிக்க எளிது.

பிழைச் செய்திகளில் இன்னொரு சிக்கல். "விருப்பம்" என்று ஒரு துண்டு, பெயர், "தேவை" என்று இன்னொரு துண்டு என ஒட்டி வாக்கியம் அமைக்கிறீர்கள். வினை இறுதியில் வரும் மொழியில் துண்டுகளின் வரிசையே வேறு. பெயரோடு வேற்றுமை உருபும் ஒட்ட வேண்டும். முழு வாக்கியத்தையும் ஒரே வார்ப்புருவாக, பெயரிட்ட இடங்களோடு தாருங்கள். பன்மைக்கெனத் தனி வார்ப்புரு வேண்டும். துண்டுகளை மொழிபெயர்ப்பவரிடம் தந்தால் எவ்வளவு திறமையானவராலும் நல்ல வாக்கியம் எழுத முடியாது.

சோதனைக்களம்

நெய்தல் சொல்வதும் நான் முன்பு கேட்டதும் ஒரே இடத்தில் சேர்கின்றன. பிழை என்பது உரையாக இல்லாமல் பொருளாக வரட்டும்: பிழையின் வகை, தொடர்புடைய விருப்பம், தரப்பட்ட மதிப்பு, எத்தனையாவது சொல் என்ற இடம். உரையைக் கடைசி நேரத்தில் உறை உருவாக்கும். சோதனைகளில் பிழை வகையைப் பார்த்தால் போதும். யாரோ ஒரு காற்புள்ளியைத் திருத்தியதற்காகச் சோதனைகள் விழாது.

தொடரியல்

பத்தி இல்லாத உதவிப் பக்கம் சிலருக்கு நீளமாகத் தோன்றும். ஆனாலும் நெய்தலின் வாதத்துக்கு மாற்று எதுவும் எனக்குத் தெரியவில்லை, ஆகவே அதையே இயல்பாக வைக்கிறோம். வார்ப்புருக்களையும் அவர் சொன்ன வடிவில் மாற்றுகிறோம்.

மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு வருகிறேன். முன்னுரிமை வரிசையில் விவாதம் இருக்காது என்று நம்புகிறேன்: கட்டளை வரி, சூழல் மாறி, அமைவுக் கோப்பு, இயல்பு மதிப்பு. ஒவ்வொரு மதிப்போடும் அதன் தோற்றுவாயும் சேர்ந்து வரும். பைத்தானின் கிளிக் நூலகம் 8.0 பதிப்பிலிருந்து இதைத் தருகிறது, கிளாப்பிலும் உண்டு.

கருவிப்பெட்டி

இதற்காகவே இந்த நூலகத்தின் புதிய பதிப்பை எதிர்பார்க்கிறேன். "துறை எண் தவறானது: 'ஏபிசி'" என்று ஒரு கருவி சொல்கிறது. கட்டளை வரியில் நான் துறை எண்ணே (போர்ட்) தரவில்லை. எங்கிருந்து வந்தது? சூழல் மாறியா, கணினி முழுமைக்குமான அமைவுக் கோப்பா, பயனரின் சொந்தக் கோப்பா? ஒவ்வொன்றாகத் திறந்து தேட வேண்டும். பிழைச் செய்தியிலேயே சூழல் மாறியின் பெயரோ, கோப்பின் பாதையும் வரி எண்ணுமோ இருந்தால் அடுத்த நொடியே திருத்திவிடலாம். கருவி எழுதுபவர் எதையும் கூடுதலாகச் செய்யாமல் இது இயல்பாகவே கிடைக்க வேண்டும். அவரிடம் விட்டால் பெரும்பாலும் நடக்காது.

சூழல் மாறியில் ஆம், இல்லை என்ற மதிப்புகளுக்கு மூடிய பட்டியல் ஒன்றை வைத்து, மற்றவற்றைப் பிழையாக்குங்கள். பைத்தானின் 'பூல்' வகையை நேரடியாகத் தந்தால் 'ஃபால்ஸ்' என்ற சரமும் மெய்யாகிவிடும், ஏனென்றால் காலியாக இல்லாத எந்தச் சரமும் மெய்தான். அணைத்ததாக நினைத்த ஒன்று இயங்கிக்கொண்டிருக்கும்.

கடவுச்சொல் போன்றவற்றுக்குத் தனி வகையும் வேண்டும். லினக்ஸில் ஓடும் நிரலின் கட்டளை வரியை இயல்பான அமைப்பில் மற்றப் பயனர்களும் பார்க்க முடியும். ஷெல் வரலாற்றிலும் அது பதிந்துவிடும். அந்த வகையை அறிவித்தால் கட்டளை வரியில் மதிப்பை ஏற்காமல், கோப்பிலிருந்தோ இயல்பு உள்ளீட்டிலிருந்தோ மட்டும் படிக்கட்டும். பிழைச் செய்தியில் அதன் மதிப்பு ஒருபோதும் அச்சாகக் கூடாது.

தொடரியல்

மூன்றும் சேர்கின்றன. பிழைப் பொருளில் 'தரப்பட்ட மதிப்பு' என்ற இடம் இருக்கிறது அல்லவா, கடவுச்சொல் போன்ற மறைவு வகைக்கு அது காலியாகவே இருக்கும்.

டேப் விசை பற்றிச் சுருக்கமாக: பாஷ், இசட்-ஷெல், ஃபிஷ் மூன்றுக்கும் அறிவிப்புகளிலிருந்தே நிரப்பும் ஸ்கிரிப்டை உருவாக்கித் தருவோம். துணைக்கட்டளைகளையும் விருப்பப் பெயர்களையும் அதிலேயே எழுதிவிடலாம். ஓடும்போதுதான் தெரியும் மதிப்புகளுக்கு மட்டும் கருவியை அழைப்போம். ஒவ்வொரு டேப் அழுத்தலுக்கும் பைத்தானைத் தொடங்கினால் தாமதம் கண்ணுக்குத் தெரியும்.

சுருக்கம் பற்றிய முடிவு மட்டும் பாக்கி. பழையமுனையம், உங்கள் எதிர்ப்பு இன்னும் நிற்கிறதா?

பழையமுனையம்

கருவிப்பெட்டி சொன்ன இரண்டாவது நிலைக்கு என்னிடம் பதில் இல்லை. பிழையின்றிப் பொருள் மாறுவதை எந்த வசதிக்காகவும் ஏற்க முடியாது. ஆனால் மீட்புச் சூழலில் இருப்பவரை நான் இன்னும் விட்டுவிடவில்லை. அவருக்காக ஒன்று கேட்கிறேன்: கருவி எழுதுபவர் தாமே மாற்றுப் பெயர்களை அறிவிக்க எளிய வழி தாருங்கள். '--வெர்போஸ்' விருப்பத்துக்கு '--வெர்ப்' என்றும் ஒரு பெயர் உண்டு என்று அவர் எழுதிவிட்டால், அது அவர் கொடுத்த வாக்கு. பின்னால் இன்னொரு விருப்பத்துக்கு அதே பெயரை வைக்க முயன்றால் நூலகம் தொடக்கத்திலேயே மறுத்துவிடும். பயனர் கைக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும். அடிக்கடி பயன்படும் விருப்பங்களுக்கு ஓரெழுத்து வடிவமும் இருக்குமாறு ஆவணத்தில் வலியுறுத்துங்கள். இவ்வளவும் இருந்தால் என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன்.

கருவிப்பெட்டி

முழு மனதோடு வரவேற்கிறேன். பழைய பதிப்பிலிருந்து மாறுபவர்களுக்கும் இதுவே பாலமாக இருக்கும். இப்போதைய பதிப்பு வரிசையின் கடைசிப் பதிப்பில், சுருக்கம் பயன்பட்டால் பிழை வெளியீட்டில் ஒரு எச்சரிக்கை அச்சிடுங்கள். தம் பயனர்கள் எந்தச் சுருக்கங்களை எழுதியிருக்கிறார்கள் என்று கருவி எழுதுபவருக்குத் தெரிந்துவிடும். தேவையானவற்றை மாற்றுப் பெயராக அறிவித்துவிட்டுப் புதிய பதிப்புக்கு மாறலாம்.

புதுவரி

மாற்றுப் பெயர்கள் உதவிப் பக்கத்தில் வருமா? எல்லாம் வந்தால் பக்கம் நிரம்பிவிடாதா?

தொடரியல்

அறிவிக்கும்போதே 'காட்டு', 'மறை' என்று இரண்டில் ஒன்றைக் கேட்போம். இயல்பு மதிப்பு 'காட்டு'. மறைத்த பெயரும் வேலை செய்யும், பெயர் மோதல் சோதனையிலும் கலந்துகொள்ளும், ஆனால் உதவியிலும் டேப் நிரப்பலிலும் வராது. மாற்றுப் பெயர் அறிவிப்பும் மோதல் சோதனையும்தான் முதலில் எழுதப்படும். மற்ற எதையும் நீக்காமல் இப்போதைய வரிசையிலேயே இவற்றை வெளியிட முடியும். முன்பகுதிப் பொருத்தத்தை நீக்கும் மாற்றம் அதற்குப் பிறகு, எச்சரிக்கைப் பதிப்பு வெளியாகி, கருவி எழுதுபவர்களின் பதில்கள் வந்த பின்னர் சேரும். '-1' போன்ற எண் வடிவ விருப்பங்களை உங்கள் கருவியில் வைத்திருப்பவர்கள் அவற்றின் அறிவிப்பை இங்கே இடுங்கள். எதிர்மறை எண் விதியின் சோதனைகளில் அவற்றைச் சேர்க்க வேண்டும்.